ஊஞ்சல் பலகை முதல் ஹைட்ரஜன் மூலக்கூறு வரை: டிகிரி ஆஃப் ஃப்ரீடம் எண்ணுவதற்கு ஒரு முழு வழிகாட்டி

கூடத்தில் நான்கு சங்கிலிகளில் தொங்கும் மர ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகை ஒரு திடப்பொருள். எதிலும் மாட்டாமல் விட்டால் அது ஆறு விதமாக அசையலாம். நான்கு சங்கிலி மாட்டினால் நான்கு கட்டுப்பாடு. ஆறில் நான்கு போனால் மீதி இரண்டு. தாளில் இந்தக் கணக்கைப் போட அரை நிமிடம் போதும்.

இப்போது ஊஞ்சலின் பக்கத்தில் போய் நின்று தள்ளிப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆடுகிறது, அது ஒன்று. பக்கவாட்டில் தள்ளினால் அப்படியும் போகிறது, இரண்டு. ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் தள்ளினால் நட்டநடுவைச் சுற்றித் திருகுகிறது, மூன்று. கணக்கு இரண்டு என்கிறது, பலகை மூன்று என்கிறது.

பலகை சொல்வதுதான் சரி. கணக்கு எந்த இடத்தில் சறுக்கியது என்று புரிந்துவிட்டால், இந்தப் பாடத்தில் பாதிக்கு மேல் புரிந்த மாதிரி. அந்த இடத்துக்குப் படிப்படியாகப் போவோம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி இயற்பியல் பாடநூல் இதை 'சுதந்திர இயக்கக் கூறுகள்' என்கிறது. பொறியியல் வகுப்பில் எல்லோரும் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் என்றே சொல்வார்கள். இங்கே சுருக்கமாகச் 'சுதந்திரம்' என்று எழுதுகிறேன்.

படி 1: இடத்தைச் சொல்ல எத்தனை எண் வேண்டும்?

ரயில் எங்கே நிற்கிறது என்று சொல்ல ஒரே எண் போதும், கிலோமீட்டர் கல்லின் எண். தண்டவாளம் எவ்வளவு வளைந்து போனாலும் அப்படித்தான். நடுக்கடலில் இருக்கும் படகுக்கு இரண்டு எண், அட்சரேகையும் தீர்க்கரேகையும். விமானத்துக்கு உயரமும் சேர்ந்து மூன்று. இங்கே படகையும் விமானத்தையும் வெறும் புள்ளியாகத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு அமைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சந்தேகம் இல்லாமல் சொல்லக் குறைந்தபட்சம் எத்தனை எண் தேவையோ, அதுதான் அதன் சுதந்திரம். எந்த எண்களைத் தேர்ந்தெடுப்பது என்பது நம் விருப்பம். சுவரில் ஊரும் எறும்பின் இடத்தை 'இடமிருந்து இவ்வளவு, தரையிலிருந்து இவ்வளவு' என்று சொல்லலாம். 'ஆணியிலிருந்து இவ்வளவு தூரம், இந்தக் கோணம்' என்றும் சொல்லலாம். இரண்டிலும் எண்ணிக்கை இரண்டேதான். தூரம், கோணம் என்று எதை வேண்டுமானாலும் ஆய எண்ணாக வைத்துக்கொள்ளும் இந்த முறையை இயந்திரவியலின் அடித்தளமாக ஆக்கியவர் கணிதவியலாளர் லக்ராஞ்ச். 1788இல் வந்த அவருடைய நூலில் ஒரு படம்கூடக் கிடையாது, அதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சரியான எண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் படம் இல்லாமலே வேலை நடக்கும் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

படி 2: திடப்பொருளுக்கு ஏன் ஆறு?

புத்தகத்தில் 'ஆறு' என்று போட்டிருப்பதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கையில் ஒரு தீப்பெட்டியை எடுங்கள். அதில் மூன்று மூலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு மூலைக்கும் மூன்று எண், ஆக ஒன்பது. ஆனால் பெட்டி நசுங்காது. அதனால் மூன்று மூலைகளுக்கும் இடையிலுள்ள மூன்று தூரங்களும் மாறாது. 9 − 3 = 6.

நான்காவது மூலையைச் சேர்த்தால்? புதிதாக மூன்று எண் வருகிறது, பழைய மூலைகளிலிருந்து மூன்று தூரங்களும் கட்டாகின்றன. கூட்டல் கழித்தல் சரியாகிவிடுகிறது, ஆறு ஆறாகவே நிற்கிறது. ஐந்தாவது மூலையைச் சேர்த்தால் என்ன ஆகும்? புதிதாக மூன்று எண், ஆனால் மற்ற நான்கு மூலைகளுக்கும் போகும் தூரங்கள் நான்கு. அப்படியானால் விடை ஐந்தா? இல்லை. மூன்று மூலைகளிலிருந்து தூரம் தெரிந்துவிட்டால் நான்காவது தூரம் தானாக முடிவாகிவிடும், அது புதிதாக எதையும் கட்டுவதில்லை. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஊஞ்சலுக்கு இதுதான் சாவி.

மேசைமேல் தட்டையாக நகரும் பொருளுக்கு மூன்றுதான்: நீளவாக்கில், அகலவாக்கில், அப்புறம் ஒரு சுழற்சி.

படி 3: மூட்டு எதை விட்டுவைக்கிறது?

கதவுக் கீல் ஆறில் ஐந்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றை விடுகிறது. மேசை இழுப்பறையும் ஒன்றைத்தான் விடுகிறது. குழாய்க்குள் குழாய் நுழைந்திருந்தால் சறுக்கவும் சுழலவும் முடியும், இரண்டு. இடுப்பு எலும்பின் பந்துக்கிண்ண மூட்டுக்கு மூன்று. மேசைமேல் வைத்த எவர்சில்வர் டம்ளர், அடி மேசையை விட்டு எழாதவரை, அதுவும் மூன்று.

நட்டும் போல்ட்டும் இங்கே தனியாக நின்று பார்க்க வேண்டியவை. நட்டு சுழல்கிறது, கூடவே முன்னால் நகர்கிறது. இரண்டு அசைவு கண்ணுக்குத் தெரிவதால் இரண்டு என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் ஒரு முழுச் சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று மரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. எத்தனை சுற்று என்று சொன்னால் நட்டு எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்துபோகிறது. ஆக ஒன்று. அசைவுகளை எண்ணாமல், ஒன்றுக்கொன்று கட்டுப்படாத அசைவுகளை மட்டும் எண்ண வேண்டும்.

படி 4: முழு இயந்திரம். தையல் மெஷினின் கீழே குனிந்து பாருங்கள்

ஒரே தளத்தில் அசையும் இயந்திரங்களுக்கு ஜெர்மன் பொறியியலாளர் மார்ட்டின் குரூப்ளர் பெயரால் வழங்கும் சூத்திரம் உண்டு. அவர் அதை எழுதியது 1883இல்.

சுதந்திரம் = 3 × (உறுப்புகள் − 1) − 2 × மூட்டுகள்

ஒன்றைக் கழிப்பது எதற்கு? உறுப்புகளில் ஒன்று தரையோடு நிலையாக நிற்கும் சட்டம். மூட்டுக்கு இரண்டு கழிப்பது எதற்கு? தளத்தில் ஆணி கோத்த ஒரு மூட்டு ('பின்' மூட்டு) மூன்றில் இரண்டைப் பறித்து, சுழற்சியை மட்டும் விட்டுவைக்கும்.

காலால் மிதிக்கும் தையல் மெஷினை எடுத்துக்கொள்வோம். இரும்புச் சட்டம், மிதிப்பலகை, கீழே இருக்கும் பெரிய சக்கரம், பலகையையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பி. நான்கு உறுப்புகள். சட்டத்தில் பலகை ஆடும் இடம், பலகையில் கம்பி மாட்டும் இடம், கம்பி சக்கரத்தின் கிராங்கில் (மையத்தை விட்டுத் தள்ளி நிற்கும் கையில்) மாட்டும் இடம், சக்கரம் சட்டத்தில் சுழலும் இடம். நான்கு மூட்டுகள். 3 × 3 − 2 × 4 = 1. ஒரு சுதந்திரம் இருப்பதால்தான் ஒரே ஒரு அசைவை, அதாவது பாதத்தின் மிதியை மட்டும் கொடுத்து முழு மெஷினையும் ஓட்ட முடிகிறது.

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. டெய்லர் தைக்க உட்கார்ந்ததும் முதலில் மேலே இருக்கும் சின்னச் சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டிச் சுழற்றிவிட்டுத்தான் மிதிக்கிறார். ஏன்? ஒரு சுதந்திரம் என்றால் ஒரு எண் போதும், சரி. ஆனால் எந்த எண்? பெரிய சக்கரத்தின் கோணத்தைச் சொன்னால் பலகையின் சாய்வு உறுதியாகிவிடும். திருப்பிக் கேளுங்கள். பலகையின் சாய்வைச் சொன்னால் சக்கரம் எங்கே இருக்கும்? இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றில் இருக்கலாம். கிராங்கும் கம்பியும் ஒரே கோட்டில் வரும் கோடி நிலையில் பலகையை எவ்வளவு அழுத்தினாலும் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றுவிடும். கைத்தட்டு அந்தத் திசையைக் கொடுக்கிறது. திசை மாறிச் சுழன்றால் நூல் சிக்கிக்கொள்ளும் என்பது தைத்துப் பழகிய எல்லோருக்கும் தெரியும்.

சுதந்திரம் ஒன்று என்பது இயந்திரத்தின் குணம். அந்த ஒன்றை எந்த உறுப்பை வைத்து அளக்கிறோம் என்பது நம் தேர்வு, தேர்வு தவறினால் சில இடங்களில் கை விட்டுவிடும். மோட்டார் எங்கே பொருத்துவது என்று யோசிக்கும் மாணவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதே சூத்திரத்தில் மூன்று கம்பிகளை முக்கோணமாகப் பூட்டினால் 3 × 2 − 2 × 3 = 0. அசையாது. கூரைச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக இருப்பது இதனால்தான். ஐந்து கம்பி வளையத்துக்கு 3 × 4 − 2 × 5 = 2, அதை இயக்க இரண்டு மோட்டார் வேண்டும். நான்கு சட்டம் போட்ட வேலிக் கதவு நாளாக நாளாகச் சாய்கிறது என்றால் குறுக்கே ஒரு பட்டை அடிப்போம் அல்லவா? எண்ணிப் பாருங்கள்: உறுப்புகள் ஐந்து. குறுக்குப் பட்டை சேரும் இரண்டு மூலைகளிலும் மூன்று உறுப்புகள் ஒரே ஆணியில் சந்திக்கின்றன. அங்கே மூட்டு ஒன்று என்று எழுதக் கூடாது, இரண்டு என்று எழுத வேண்டும். ஆக மூட்டுகள் 2 + 2 + 1 + 1 = 6. 3 × 4 − 2 × 6 = 0. ஒரே ஆணியில் பல உறுப்புகள் சேர்ந்தால் 'உறுப்புகள் கழித்தல் ஒன்று' என்று எண்ணுங்கள். தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

படி 5: பிடித்துப் பார்க்கும் சோதனை

சூத்திரத்தை நம்புவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். இயந்திரத்தில் ஒரு உறுப்பைக் கையால் இறுகப் பிடியுங்கள். மற்ற எல்லாம் நின்றுவிட்டால் சுதந்திரம் ஒன்று. இன்னும் ஏதாவது அசைந்தால் அதையும் பிடியுங்கள். எல்லாம் நிற்க எத்தனை இடத்தில் பிடிக்க வேண்டியிருந்ததோ அதுதான் விடை. தையல் மெஷினில் பெரிய சக்கரத்தைப் பிடித்தால் பலகை அசையாது. பலகையைக் கோடி நிலையில் பிடித்தாலோ சக்கரம் இப்படியும் அப்படியும் துளி அசையும். மேலே சொன்னதைக் கையே உணர்ந்துவிடும்.

இந்தச் சோதனையும் சூத்திரமும் வேறு வேறு விடை சொன்னால் சூத்திரத்தைச் சந்தேகப்படுங்கள்.

படி 6: சூத்திரம் பொய் சொல்லும் இடங்கள்

முதல் வகை லேசானது. கேம் என்பது வட்டமாக இல்லாத ஒரு சக்கரம், அது சுழலும்போது அதன்மேல் நிற்கும் தண்டு, அதாவது ஃபாலோயர், ஏறி இறங்கும். தண்டின் நுனியில் உருளும் ரோலர் வைத்து, கேமும் ரோலரும் தொடும் இடம் ஒன்றை மட்டுமே பறிக்கும் என்று கணக்குப் போட்டால் இரண்டு வரும். அதில் ஒன்று ரோலர் தன் அச்சில் தானாகச் சுழல்வது. அது மேலே இருக்கும் தண்டின் ஏற்ற இறக்கத்தை எந்த விதத்திலும் மாற்றாது. கழித்துவிட்டு ஒன்று என்று எழுதலாம்.

இரண்டாவது வகைதான் ஆழமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் மலை ரயிலின் நீராவி எஞ்சினில் நான்கு ஜோடிச் சக்கரங்கள் கம்பியால் ஒன்றாகப் பூட்டப்பட்டவை. இப்படி ஒரு பக்கம் நான்கு சக்கரங்களை ஒரே நீளக் கம்பி இணைப்பதாக வைத்துக்கொண்டு எண்ணுவோம். சட்டம் ஒன்று, சக்கரம் நான்கு, கம்பி ஒன்று: உறுப்புகள் 6. சக்கரம் சட்டத்தில் சேரும் இடம் நான்கு, கம்பியில் சேரும் இடம் நான்கு: மூட்டுகள் 8. 3 × 5 − 2 × 8 = −1. அசையாதது மட்டுமில்லை, அதற்கும் ஒரு படி கீழே இறுகிக் கிடக்க வேண்டும் என்கிறது சூத்திரம். ஆனால் இப்படிப் பூட்டிய சக்கரங்கள் நன்றாகவே சுழலும்.

காரணம், நான்கு கிராங்குகளும் ஒரே நீளம், ஒரே திசை, கம்பித் துளைகளின் இடைவெளியும் அச்சுகளின் இடைவெளியும் சமம். இரண்டு சக்கரம் சேர்ந்ததுமே கம்பியின் போக்கு முடிவாகிவிடுகிறது. மூன்றாவதும் நான்காவதும் அதே போக்கைத்தான் திரும்பச் சொல்கின்றன, புதிதாக எதையும் தடுக்கவில்லை. சூத்திரத்துக்கு நீளம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். துளை கொஞ்சம் தள்ளி விழுந்துவிட்டால் சூத்திரம் சொன்னபடியே எல்லாம் இறுகிப்போகும். ஆக, தேவைக்கு மேல் கட்டுப்பாடு வைக்கும் அமைப்பு ஓட வேண்டுமென்றால் பட்டறையில் துல்லியம் வேண்டும். துல்லியத்துக்குச் செலவு ஆகும். அதே கம்பியை மூன்று துண்டாக்கி நடுச் சக்கரங்களின் பின்களில் மூட்டு வைத்துவிட்டால் உறுப்புகள் 8, மூட்டுகள் 10, விடை 3 × 7 − 20 = 1. சூத்திரமும் சக்கரமும் ஒத்துப்போகின்றன.

இப்போது ஊஞ்சலுக்குத் திரும்புவோம். செங்குத்தாகத் தொங்கும் சங்கிலி பலகையின் மூலையைக் கீழே இறங்கவிடாமல் பிடிக்கிறது, அதாவது அந்த மூலையின் உயரத்தை முடிவு செய்கிறது. மூன்று மூலைகளின் உயரம் முடிவானதும் பலகையின் தளம் முடிவாகிவிட்டது. நான்காவது மூலையின் உயரம் தானாக வந்துவிடும். நான்காவது சங்கிலி புதிதாக எதையும் கட்டவில்லை. தீப்பெட்டியின் ஐந்தாவது மூலையில் பார்த்த அதே கதை. தனித்துக் கட்டுபவை மூன்றுதான், 6 − 3 = 3. முன்பின், பக்கவாட்டு, திருகல்.

இதைக் கையால் தொட்டே பார்க்கலாம். யாரும் உட்காராத ஊஞ்சலில் நான்கு சங்கிலிகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். நான்கும் ஒரே விறைப்பில் இருப்பது அபூர்வம். ஒன்று மற்றவற்றைவிடத் தளர்ந்திருக்கும். நான்கு கால் ஸ்டூல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடுவதும் இதே காரணத்தால்தான். மூன்று கால் முக்காலி எந்தக் கரடுமுரடான தரையிலும் ஆடாமல் நிற்கும்.

நுண்கருவிகள் செய்பவர்கள் இதையே கலையாக்கிவிட்டார்கள். கெல்வின் பெயரால் வழங்கும் இணைப்பு ஒன்று உண்டு. மேல் தட்டில் மூன்று உருண்டைகள். கீழ்த் தட்டில் ஒன்றுக்கு மூன்று முகம் கொண்ட குழி, இன்னொன்றுக்கு வி வடிவப் பள்ளம், மூன்றாவதற்கு வெறும் தட்டை முகம். தொடும் இடங்கள் 3 + 2 + 1 = 6. தேவையான ஆறு மட்டும், ஒன்றுகூட அதிகமில்லை. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தால் மைக்ரானுக்கும் குறைவான பிசகில் அதே இடத்தில் போய் உட்காரும்.

படி 7: உருளும் சக்கரம் போடும் வேறு வகைக் கட்டு

காரின் இடத்தைச் சொல்ல மூன்று எண்: இரண்டு ஆயங்கள், முகம் பார்க்கும் திசை. சக்கரம் பக்கவாட்டில் வழுக்காது என்பது ஒரு கட்டுப்பாடு. 3 − 1 = 2 என்று முடித்துவிடலாமா? அந்த நொடியில் கார் நகரக்கூடிய வழிகளை எண்ணினால் இரண்டுதான், ஸ்டீயரிங்கும் ஆக்ஸிலரேட்டரும். ஆனால் சாலையோரம் இரண்டு வண்டிகளுக்கு நடுவே பின்னால் ஒடித்து, முன்னால் ஒடித்து, கடைசியில் நேராகப் பக்கவாட்டில் நகர்ந்த மாதிரி வண்டியைச் சொருகிவிடுகிறோமே! போகக்கூடிய இடங்கள் மூன்று எண்ணாகவே இருக்கின்றன.

இந்தக் கட்டுப்பாடு வேகத்தைத்தான் கட்டுகிறது, இடத்தைக் கட்டவில்லை. இயற்பியலாளர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், தான் இறந்த பிறகு 1894இல் வெளியான நூலில், இடத்தைக் கட்டுவதற்கு ஹோலோனாமிக் என்றும் வேகத்தை மட்டும் கட்டுவதற்கு நான்ஹோலோனாமிக் என்றும் பிரித்துப் பெயர் வைத்தார். உருளும் சக்கரம் வந்துவிட்டால் 'இடத்துக்கு எத்தனை, வேகத்துக்கு எத்தனை' என்று இரண்டு தனித்தனி விடை எழுதுங்கள்.

படி 8: மூலக்கூறுக்குள்

ஹீலியம், ஆர்கான் போன்ற ஓரணு வாயுக்களுக்கு மூன்று சுதந்திரம். ஒவ்வொன்றுக்கும் மூலக்கூறின் சராசரி ஆற்றலில் சமபங்கு என்பது விதி. ஒரு மோல் வாயுவை, கொள்ளளவு மாறாமல், ஒரு கெல்வின் சூடாக்க ஒரு சுதந்திரத்துக்கு வாயு மாறிலியில் பாதி, சுமார் 4.16 ஜூல் வேண்டும். மூன்றுக்கு 12.5 ஜூல். அளந்தால் அதுவே வருகிறது. நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் அறை வெப்பநிலையில் சுமார் 20.8 ஜூல், அதாவது ஐந்து. இரண்டு அணுவைச் சேர்த்த கம்பி போன்ற மூலக்கூறு, இடம் மாற மூன்று, சுழல இரண்டு.

இரண்டு அணுவுக்கு எண் ஆறு அல்லவா, மீதி ஒன்று எங்கே? அது அதிர்வு, அணுக்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடிக் குறைவது. இங்கேதான் மாணவர்கள் அதிகம் குழம்புவார்கள். இயந்திரவியலில் அதிர்வு ஒரு எண். ஆற்றல் கணக்கில் அதற்கு இரண்டு பங்கு, இயக்க ஆற்றல் ஒன்று, நிலை ஆற்றல் ஒன்று. ஆக மொத்தம் ஏழு பங்கு வர வேண்டும். அளந்தால் ஐந்துதான். 19ஆம் நூற்றாண்டில் இயற்பியல் மேதை மாக்ஸ்வெல்லுக்கே இது தீராத தலைவலியாக இருந்தது. எண்ணியது தப்பில்லை, ஆனால் ஒரு சுதந்திரம் ஆற்றலை எந்தத் துளி அளவில் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளும் என்று நினைத்தது தப்பு. குவாண்டம் விதிப்படி அதிர்வுக்கு ஒரு குறைந்தபட்சப் பொட்டலம் உண்டு. அறை வெப்பநிலையில் நடக்கும் மோதல்களில் அவ்வளவு ஆற்றல் கிடைப்பது அரிது. அதனால் அந்தச் சுதந்திரம் உறைந்து கிடக்கிறது.

சுழற்சியும் உறையும். 1912இல் ஜெர்மன் விஞ்ஞானி ஆர்னால்ட் ஆய்க்கன் ஹைட்ரஜனைக் குளிர்வித்து அளந்தார். சுமார் 60 கெல்வினில் அது ஈரணு வாயு என்பதையே மறந்த மாதிரி 12.5 ஜூலுக்கு இறங்கி, ஹீலியம் போல நடந்துகொண்டது. இயந்திரத்தில் ஆணி அடித்துக் கட்டுவது போல, இங்கே குளிர் கட்டிப்போடுகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அதிர்வுகளை எண்ண, அணு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறு கழியுங்கள். நேர்கோட்டு மூலக்கூறு என்றால் ஐந்து கழியுங்கள். வளைந்த தண்ணீர் மூலக்கூறுக்கு 9 − 6 = 3, நேரான கார்பன் டைஆக்சைடுக்கு 9 − 5 = 4. அந்த நான்கில் இரண்டு வளையும் அதிர்வுகள், அவைதான் 15 மைக்ரான் அலைநீள அகச்சிவப்பை விழுங்கி பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கின்றன.

படி 9: உங்கள் கையையே எண்ணுங்கள்

தோளில் மூன்று. முழங்கையில் மடக்குவது ஒன்று. முன்கையைத் திருப்புவது ஒன்று, சாவியைத் திருப்பும்போது நடக்கும் அசைவு. மணிக்கட்டில் மேலும் கீழும், இடமும் வலமும் என்று இரண்டு. மொத்தம் ஏழு. உள்ளங்கையை எந்த இடத்திலும் எந்தச் சாய்விலும் வைக்க ஆறு போதும்.

இப்போது மேசைமுன் உட்கார்ந்து உள்ளங்கையை அப்படியே பதித்து வையுங்கள். தோள் நகரக் கூடாது. கையின் ஒரு முனை தோள், மறுமுனை உள்ளங்கை. உள்ளங்கையின் ஆறையும் மேசை பிடித்துக்கொண்டது. ஆனாலும் முழங்கையை வெளிப்பக்கம் தூக்கி, மறுபடி விலாவோரம் இறக்க முடிகிறது. 7 − 6 = 1, அந்த ஒன்று உங்கள் கண்முன் ஆடுகிறது.